சேர்க்கைக் கடிதம் கையில், 41 நாள் அவகாசம்: திரைப்படப் பள்ளி பற்றிய ஒரு முடிவின் கதை

என் அக்கா மகளுக்கு அப்போது வயது 24. மூன்று ஆண்டுகளாக ஓர் அலுவலகத்தில் தரவுகளைச் சரிபார்க்கும் வேலை பார்த்துவந்தாள். சம்பளம் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. யாருக்கும் சொல்லாமல் ஒரு திரைப்படப் பள்ளியின் இரண்டாண்டு இயக்குநர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்து, இடம் கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. முதல் தவணையைச் செலுத்த 41 நாள் அவகாசம். கடிதத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சேரட்டுமா மாமா?"

நான் 31 ஆண்டுகளாகப் படத்தொகுப்பில் இருக்கிறேன். திரைப்படப் பள்ளியில் படித்தவன் இல்லை. ஒரு தொகுப்பாளரிடம் உதவியாளனாகச் சேர்ந்து, ஆறு ஆண்டுகள் அவர் பக்கத்தில் நின்று தொழில் கற்றவன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய தவறு அங்கிருந்துதான் வந்தது. அவளுடைய ஒப்புதலோடு, அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் சொன்ன பதில்

"வேண்டாம்" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். கூடவே பெயர்களையும் அடுக்கினேன். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா 1936இல் ஒரு படநிறுவனத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்தவர். ஏழு ஆண்டுகள் வேலை செய்து 1943இல்தான் முதல் படத்தை இயக்கினார். அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து வந்தவர். இவர்கள் எந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்று கேட்டேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இவர்கள் எல்லோரும் வென்றவர்கள் மாமா. பள்ளிக்குப் போகாமல் இருந்து ஒன்றும் ஆகாமல் போனவர்களின் பெயரை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த விவாதம் எங்கே நடந்தாலும் இரண்டு பட்டியல்கள் மோதிக்கொள்கின்றன. படிக்காமல் வென்றவர்கள் ஒரு பக்கம், படித்து வென்றவர்கள் மறுபக்கம். இரண்டிலும் தோற்றவர்கள் இல்லை. எனவே இரண்டும் எதையும் நிரூபிப்பதில்லை. அன்றிரவு பட்டியலை மூட்டை கட்டிவைத்துவிட்டு, இவளுக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை, இல்லாததை இந்தக் குறிப்பிட்ட பள்ளி தருமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

பள்ளி உண்மையில் தருவது என்ன

தொழில்நுட்பத்தை நான் முதலில் தள்ளிவைத்தேன். லென்ஸின் குவியத்தொலைவு, காட்சியில் கேமரா ஒரே பக்கம் நிற்க வேண்டும் என்ற 180 பாகை விதி, ஒலியையும் காட்சியையும் ஒத்திசைப்பது, நிறத்திருத்தம் ஆகியவை ஒரு காலத்தில் பள்ளியின் நான்கு சுவருக்குள்ளேயோ படப்பிடிப்புத் தளத்திலோ மட்டும் கிடைத்த அறிவு. இன்று அவற்றை வீட்டில் இருந்தே கற்கலாம். ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் ஓரளவு விதிவிலக்கு. கனமான கருவிகளைக் கையால் தொட்டுப் பழகாமல் அவை வசப்படுவதில்லை. திரைக்கதை எழுத மட்டும் விரும்புகிறவருக்குப் பள்ளியின் தேவை மிகக் குறைவு என்பது என் கருத்து.

வீட்டில் இருந்தே பெற முடியாதவை வேறு. முதலாவது, தவறு செய்ய ஒதுக்கப்பட்ட காலம். அதோடு ஒட்டியே வருவது கெடு. இந்தத் தேதியில் இந்தப் பயிற்சிப் படத்தை அனைவர் முன்னாலும் திரையிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைத் தனி ஆளாக நமக்கு நாமே விதித்துக்கொள்வது கடினம். உலகின் முதல் திரைப்படப் பள்ளியாகச் சொல்லப்படுவது 1919இல் மாஸ்கோவில் தொடங்கியது. உள்நாட்டுப் போரின் நடுவே அங்கே படச்சுருளுக்குக் கடும் தட்டுப்பாடு. அங்கே கற்பித்த இயக்குநர் லெவ் குலேஷோவ் தம் மாணவர்களை வைத்து, கேமராவில் சுருளே இல்லாமல், காட்சிகளை மேடையில் ஷாட் ஷாட்டாக நடித்துக்காட்டச் செய்தார். பின்னாளில் புகழ்பெற்ற சோவியத் இயக்குநர் புடோவ்கின் அந்தப் பட்டறையில் உருவானவர். படம் எடுக்கச் சுருளே இல்லாத இடத்திலும் ஒரு பள்ளி இயங்கியது என்றால், கருவி அதன் உயிர் இல்லை. பயிற்சியும் அதைக் கூடி உட்கார்ந்து பார்ப்பதுமே அதன் உயிர்.

இரண்டாவது, ஆட்கள். படத்தொகுப்பாளர் தெல்மா ஷூன்மேக்கர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எடுத்துக்கொண்டது ஆறு வாரக் கோடைக்காலப் பயிற்சி மட்டுமே. அங்கே பின்னாளில் பெரிய இயக்குநரான மார்ட்டின் ஸ்கோர்செசியைச் சந்தித்தார். அவருடைய முதல் முழுநீளப் படத்தைத் தொகுத்தார். 1980இல் வெளிவந்த படத்திலிருந்து ஸ்கோர்செசியின் கதைப்படங்கள் அத்தனைக்கும் ஷூன்மேக்கரே தொகுப்பாளர். அந்த ஆறு வாரத்தில் கற்ற பாடத்தைவிட, பக்கத்தில் இருந்தவரே அவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்திருக்கிறார். இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம். ஆனால் அந்தக் கல்லூரியின் திரைப்படச் சங்கத்துக் கருவிகள் அவருக்குக் கிடைத்தன. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஓராண்டுக் காலம் சனிக்கிழமைகளில் படம்பிடித்துத் தம் முதல் முழுநீளப் படத்தை எடுத்தார். "பள்ளிக்குப் போகாதவர்" என்று அவரைச் சொல்லும்போது இந்தச் சங்கத்தை மறந்துவிடுகிறோம். பள்ளி தரவேண்டியதை அவர் வேறொரு வாசல் வழியாகப் பெற்றுக்கொண்டார்.

என் அக்கா மகளிடம் அந்த வாசல் இருக்கிறதா என்று பார்த்தோம். அவளுடைய அலுவலகத்தில் படம் பற்றிப் பேச ஆளில்லை. நண்பர்கள் இருக்கிறார்கள், அவள் எடுத்த எதையும் "நன்றாக இருக்கிறது" என்று சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டே மூன்று ஆண்டுகள் போய்விட்டன என்று அவளே சொன்னாள்.

பள்ளியைப் பற்றி விசாரித்தது

எந்தப் பள்ளியும் தன் புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களின் படங்களைச் சுவரில் மாட்டிவைக்கும். நாங்கள் அந்தச் சுவரைப் பார்க்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே பயிற்சியை முடித்த, பெயர் தெரியாத மாணவர்களைத் தேடினோம். மொத்தம் 9 பேருக்கு எழுதினாள். 7 பேர் பதில் சொன்னார்கள். ஒருவர் தன் முதல் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். மூவர் உதவி இயக்குநர்கள். ஒருவர் தொகுப்பு கற்பிக்கிறார். இருவர் பழைய வேலைக்கே திரும்பிவிட்டார்கள். இந்த எண்ணிக்கையை நான் நல்லதாகவும் பார்க்கவில்லை, மோசமாகவும் பார்க்கவில்லை. இந்தத் தொழிலின் இயல்பே இதுதான்.

கேட்டவற்றில் மிகவும் உதவிய கேள்வி, "ஒரு மாணவர் இரண்டாண்டில் எத்தனை படம் இயக்குவார்?" என்பது. முதலாண்டில் மூன்று சிறு பயிற்சிகள், இறுதியில் பட்டயம் பெறுவதற்காக எடுக்கும் 12 நிமிடப் பட்டயப்படம் ஒன்று. வகுப்பில் 24 பேர். வெளியே எடுத்துச்செல்லத் தரப்படும் கேமராக்கள் இரண்டு. ஐந்து பேர் ஒரே குறையைச் சொன்னார்கள்: இரண்டாம் ஆண்டின் முதல் பாதி முழுவதும் கேமரா வரிசையில் காத்திருந்தே போய்விட்டது. பட்டயப்படத்தின் உரிமை பள்ளிக்குச் சொந்தம், திரைப்பட விழாவுக்கு அனுப்ப ஒவ்வொரு முறையும் அனுமதி வாங்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பல பள்ளிகளில் இப்படித்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் படிக்க வேண்டிய பத்தி அது. பெரும்பாலானோர் படிப்பதில்லை.

அதே ஏழு பேரில் ஐந்து பேர் இன்றும் தங்கள் வகுப்பில் இருந்த யாரோ ஒருவருடன் சேர்ந்துதான் வேலை செய்கிறார்கள். பழைய வேலைக்குத் திரும்பிய இருவரில் ஒருவர், "திரும்பவும் சேர்வேன்" என்று எழுதியிருந்தார். அவள் அந்தக் கடிதத்தை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

கணக்கு

கட்டணமும் இரண்டாண்டு வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால், அவளுடைய மூன்றாண்டுச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். கடன் வாங்கினால் மாதத் தவணை, அன்றைய சம்பளத்தில் 45 விழுக்காடு. படிப்பு முடித்து உதவியாளராகச் சேர்ந்தால் தொடக்கத்தில் கையில் வருவது அன்றைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதுவும் படம் நடக்கும் மாதங்களில் மட்டும். ஆக, தவணை வருமானத்தைவிடப் பெரியது. இதை ஒரு தாளில் எழுதி அவள் முன்னால் வைத்தேன்.

கடனைப் பற்றிப் பேசும்போது பொதுவாகத் திருப்பிக் கட்ட முடியுமா என்று மட்டுமே கேட்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தவணை மாதாமாதம் கதவைத் தட்டும்போது, நல்ல இயக்குநரிடம் குறைந்த ஊதியத்துக்கு எட்டு மாதம் இருப்பதா, யாரோ ஒருவரின் விளம்பரத்துக்கு எட்டு நாள் போவதா என்பதை நாம் முடிவு செய்வதில்லை, கடன் முடிவு செய்கிறது. கற்றுக்கொள்ள வாங்கிய கடன், கற்ற பிறகு அதைப் பயன்படுத்த விடாமல் தடுத்துவிடுகிறது. திறமையான பிள்ளைகள் சிலர் இப்படிக் கரைந்துபோனதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அக்கா கேட்டது வேறு: "படித்து முடித்தால் வேலை கிடைக்குமாடா?" 31 ஆண்டுகளில் என்னிடம் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை என்று உண்மையைச் சொன்னேன். கற்பிக்கும் வேலைக்குப் பட்டம் உதவும். படப்பிடிப்புத் தளத்தில் அதற்குப் பயன் இல்லை.

41 நாளில் ஒரு சோதனை

தாளில் எழுதிப் பார்த்தது போதாது என்று தோன்றியது. கெடு முடிவதற்குள் மூன்று சிறு படங்கள் எடுக்கச் சொன்னேன். முதலாவது, ஒரே அறை, ஒரே ஆள், வசனம் இல்லாமல் மூன்று நிமிடம். இரண்டாவது, இரண்டு பேர் பேசும் காட்சி. மூன்றாவது, அவள் விருப்பம். கைப்பேசியே கேமரா. எவ்வளவு நேரம் எதற்குச் செலவானது என்று குறித்துவைக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

முதல் படம் சுமார். இரண்டாவதில்தான் விஷயம் வெளியே வந்தது. தோழிகள் இருவரை நடிக்கவைத்து, ஒரே ஷாட்டை 27 முறை எடுத்திருந்தாள். எடுத்த அத்தனையும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு டேக்கின் முடிவிலும் அவளுடைய குரல் கேட்கிறது: "இன்னொரு முறை." என்ன மாற வேண்டும் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. பதினைந்தாவது டேக்குக்குப் பிறகு நடித்த பெண்ணின் முகத்தில் சோர்வு படிவது தெரிகிறது. அறையில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மோட்டாரின் ரீங்காரம் எல்லா வசனத்துக்கும் அடியில் கிடக்கிறது. வசனங்களுக்கு இடையே நிரப்பத் தேவைப்படும் வெற்றறையின் ஒலியைத் தனியாகப் பதிவு செய்யவும் இல்லை. நடிப்பவர்கள் பார்க்கும் திசை இரண்டு இடங்களில் மாறிப் புரண்டிருக்கிறது.

ஆனால் தொகுத்து அனுப்பிய காட்சியைப் பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான்காவது டேக்கில், வசனம் தொடங்கும் முன், அந்தப் பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று நொடி இருக்கிறது. படம்பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று தெரியாமல் இருந்த நொடிகள். அதை எடுத்து, 22ஆவது டேக்கில் மற்றவள் பொய் சொல்லும் வரிக்குப் பின்னால் ஒட்டியிருந்தாள். வசனத்தில் இல்லாத அவமானம் காட்சிக்குள் வந்துவிட்டது. அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நேரக் குறிப்பைப் பார்த்தோம். முதல் படம்: படம்பிடித்தது 2 மணி, தொகுத்தது 14 மணி. இரண்டாவது: படம்பிடித்தது 5 மணி, தொகுத்தது 47 மணி. மூன்றாவது படத்தை எடுக்கவே இல்லை. இரண்டாவதைத் திரும்பத் திரும்பத் தொகுத்துக்கொண்டிருந்தாள்.

நான் எதுவும் சொல்லவில்லை. குறிப்பை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "எனக்கு எடுப்பது பிடிக்கவில்லை மாமா, எடுத்ததோடு தனியாக இருப்பதுதான் பிடித்திருக்கிறது" என்று அவளே சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு மகிழ்ச்சி இல்லை. 15 வயதிலிருந்து இயக்குநர் ஆக வேண்டும் என்று சொல்லிவந்தவள். அந்தச் சொல்லை விடுவது எளிதாக இருந்திருக்காது. "இந்த ஆண்டு விட்டால் போயிற்று" என்ற பயமும் இருந்தது. போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியை அந்நாட்டின் வூட்ச் நகரத்துத் திரைப்படப் பள்ளி இருமுறை நிராகரித்தது, மூன்றாவது முயற்சியில்தான் சேர்த்துக்கொண்டது என்பதை அவளிடம் சொன்னேன். பள்ளிகள் அடுத்த ஆண்டும் இருக்கும். 38ஆவது நாள், இடம் வேண்டாம் என்று பள்ளிக்கு எழுதினாள்.

நான் தவறிய இடம்

தொகுப்புதான் என்று தெரிந்தவுடன் எனக்கு எல்லாம் எளிதாகத் தோன்றியது. நான் வந்த வழி இருக்கிறதே. எனக்குத் தெரிந்த ஒரு தொகுப்பாளரிடம் உதவியாளராகச் சேர்த்துவிட்டேன். அலுவலக வேலையை விட்டுவிட்டு, இதுவரை சேமித்ததை வைத்துக்கொண்டு அவள் அங்கே எட்டு மாதம் இருந்தாள்.

நிறையக் கற்றுக்கொண்டாள். படப்பிடிப்பிலிருந்து வரும் ஹார்ட் டிஸ்க்குகளை மூன்று பிரதிகளாகச் சேமிப்பது, ஒலியைக் கிளாப் பலகையோடு பொருத்துவது, டேக்குகளைப் பெயரிட்டு அடுக்குவது, மற்றத் துறைகளுக்குக் கோப்புகளை அனுப்புவது என எதிலும் பிழை வைக்காதவள் என்று பெயர் வாங்கினாள். எட்டு மாத முடிவில் ஒருநாள் கேட்டேன்: "எத்தனை காட்சி தொகுத்தாய்?"

"இரண்டு. இரவில் நானாகத் தொகுத்துப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை."

"அவர் தொகுக்கும்போது நீ பக்கத்தில் இருப்பாய் அல்லவா?"

"இல்லை மாமா. அவர் பகலில் வேறு அறையில் வேலை செய்வார். நான் இரவில் கோப்புகளைத் தயார் செய்து வைப்பேன்."

நான் உதவியாளனாக இருந்தபோது தொகுப்பு படச்சுருளில் நடந்தது. வெட்டிய துண்டுகளை எண்ணிட்டுத் தொங்கவிட வேண்டும். தொகுப்பாளர் கேட்ட துண்டை உடனே எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்காகவே நான் அவர் தோளருகில் நின்றாக வேண்டியிருந்தது. இயக்குநரும் அவரும் ஒரு வெட்டைப் பற்றி வாதிடுவதை, மனம் மாறுவதை, விட்ட இடத்துக்கே திரும்பி வருவதை நான் ஆறு ஆண்டுகள் கேட்டேன். யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. அந்த அறையில் நின்றதே பாடம். கணினி வந்த பிறகு துண்டை எடுத்துக்கொடுக்க ஆள் தேவையில்லை. உதவியாளரின் வேலை வேறு அறைக்கும் வேறு நேரத்துக்கும் போய்விட்டது. வேலை மிஞ்சியது, அருகாமை போய்விட்டது. இதே தொழிலில் இருந்துகொண்டு, நான் ஏறிவந்த படிக்கட்டு இப்போது அந்த இடத்தில் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அவளுடைய எட்டு மாதத்தையும் சேமிப்பின் ஒரு பகுதியையும் என் கவனக்குறைவு எடுத்துக்கொண்டது. அவளிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

எல்லாத் தொகுப்பு அறைகளும் இப்படி இல்லை. உதவியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு காட்சியைக் கொடுத்துத் தொகுக்கச் சொல்லி, அதைப் பார்த்துக் கருத்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் எந்தப் பள்ளியையும்விட அது மேல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சேரும் முன் கேட்க வேண்டியது, "நீங்கள் தொகுக்கும்போது நான் அறையில் இருக்கலாமா?" என்பது. நான் அதைக் கேட்கவில்லை.

இரண்டாவது முடிவு

இந்த முறை பள்ளியை அவளே தேடினாள். ஓராண்டுப் பயிற்சி, படத்தொகுப்பு மட்டும், எட்டு மாணவர்கள். கட்டணம் முந்தையதில் பாதிக்கும் குறைவு. பெயர் பெற்ற பள்ளி இல்லை. அவளை ஈர்த்தது ஒரே ஒரு பயிற்சி முறை. படம்பிடித்த அதே காட்சித் துண்டுகளை எட்டுப் பேருக்கும் தருகிறார்கள். இரண்டு வாரம் கழித்து எட்டு வடிவங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையிடுகிறார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் சொல்ல வேண்டும். முன்னாள் மாணவர்கள் ஆறு பேரிடம் பேசி, அது உண்மையிலேயே நடக்கிறது என்று உறுதிசெய்துகொண்டாள். சேமிப்பில் மீதம் இருந்ததும் அக்கா கொடுத்ததும் போக, தேவைப்பட்ட கடனின் மாதத் தவணை பழைய சம்பளத்தில் 12 விழுக்காடு. வேலை இல்லாத மாதங்களிலும் எப்படியாவது கட்டிவிடலாம். சேர்ந்தாள்.

இப்போது ஏழாவது மாதம். முதல் திரையிடலில் அவளுடைய வடிவத்தைத்தான் எட்டிலும் பலவீனமானது என்று சொன்னார்கள். அழகான நொடிகளைக் கோத்திருக்கிறாள், கதை நகரவில்லை என்றார்கள். நான் அதே குறையைப் பார்த்தும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அவளுடைய மாமா என்பதால் அந்த மூன்று நொடியில் மயங்கிப்போய்விட்டேன். நான்காவது பயிற்சியில், தனக்கு மிகவும் பிடித்த ஷாட்டைத் தானே தூக்கி எறிந்ததாகத் தொலைபேசியில் சொன்னாள். இன்னொரு பள்ளியில் இயக்கம் படிக்கும் ஒருவர், தன் பட்டயப்படத்தைத் தொகுக்க அவளைக் கேட்டிருக்கிறார்.

இந்த நிகழ்வைத் திரும்ப நடத்தும் வாய்ப்புக் கிடைத்தால் மூன்று இடங்களில் வேறு மாதிரி நடந்துகொள்வேன். சோதனையின் முதல் வாரத்திலேயே, வேறு யாரோ எடுத்த காட்சித் துண்டுகளை அவளிடம் கொடுத்துத் தொகுக்கச் சொல்லியிருப்பேன். தான் எடுத்ததன் மேல் உள்ள பாசமும் தொகுப்பின் மேல் உள்ள ஆசையும் அப்போதே பிரிந்து தெரிந்திருக்கும். உதவியாளராகச் சேர்க்கும் முன் அந்த அறையில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்கித் தந்திருப்பேன். அவளுடைய இரண்டாவது படத்தை, அவளையும் என்னையும் அறியாத இரண்டு தொகுப்பாளர்களுக்கு அனுப்பி, அவர்கள் எழுதியதை என் கருத்தைச் சொல்வதற்கு முன்பே அவள் கையில் கொடுத்திருப்பேன்.